ஒருக்களித்துப் படுக்கவைத்தல்

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. பொறியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவள். அடையாள அட்டையில் 'கவுன்சலர்' என்று போட்டிருந்தார்கள். இலவசப் பயிற்சிக்கு ஆள் சேர்க்க வேண்டும், சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வேண்டும். என்னிடம் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று நேர்காணலில் யாரும் கேட்கவில்லை.

தையல், அழகுக்கலை, நோயாளி பராமரிப்பு என்று அங்கே மூன்று பிரிவுகள். மூன்றாவதற்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைத் துடைத்துவிட்டு, டயப்பர் மாற்றி, வேளைக்கு மாத்திரை கொடுக்கும் வேலை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் இதற்கு எப்போதும் ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் சொன்னவுடனே பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "பீ மூத்திரம் அள்றதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் சர்ட்டிபிகேட்டு?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அவளுக்கு நான் கால் மணி நேரம் பதில் சொன்னேன். மறுநாள் அவள் தையலில் சேர்ந்துகொண்டாள்.

ஆள் சேர்ப்பதற்காக ஒரு நாள் நொச்சிக்குப்பத்தில், சாலையோரம் மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேஜையும் பேனருமாக உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி, வியாபாரம் முடிகிற நேரம். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மெலிந்த உடம்பு. என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது. பேனரில் இருந்த படத்தைக் காட்டினாள். கட்டிலில் ஒரு முதியவர், பக்கத்தில் சீருடை போட்ட பெண்.

"கட்டில்ல கெடக்கிற ஆள எப்டி திருப்பிப் போடறதுன்னு இங்க சொல்லிக் குடுப்பாங்களா?"

"சொல்லித் தருவாங்க அக்கா. மூணு மாசம் கோர்ஸ். முடிச்சா வேலையும் கிடைக்கும்."

"வேல கெடக்கட்டும். இத்த மட்டும் சொல்லிக் குடுத்தா போதும்."

அவள் கணவர் மீன்பிடித் தொழிலாளி. மூன்று வருடத்துக்கு முன் படகிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். வலது பக்கம் கையும் காலும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நல்ல கனமான ஆள். படுத்தே கிடந்ததில் முதுகிலும் இடுப்பிலும் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எப்படித் திருப்புவது என்று யாரும் காட்டவில்லை. இவள் கையைப் பிடித்து இழுப்பாள், அவர் வலியில் அலறுவார், பாதியிலேயே விட்டுவிடுவாள். இதையெல்லாம் என் மேஜைக்கு முன்னால் நின்றபடியே சொன்னாள். நான் படிவத்தை நீட்டினேன்.

காலை வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் மட்டும் கடை போட்டாள். வகுப்பு நேரத்தில் பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார் தன் அண்ணனைப் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. பஸ் மாறி சைதாப்பேட்டைக்கு வருவாள். என் தன்னம்பிக்கை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று மூன்று தடவை சொல்லச் சொன்னால், "டீச்சர், எனக்கு சிரிப்பு வருது" என்பாள். அதன் பிறகு மற்றவர்களாலும் சொல்ல முடியாது.

பயிற்சி கொடுத்தவர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். வகுப்பில் ஒரு கட்டிலும், ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் உண்டு. இரண்டாவது வாரம், திருப்பிப் படுக்கவைக்கிற பாடம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். நோயாளியின் எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, கையை மார்பின் குறுக்கே வைத்து, தோளுக்குப் பின்னால் நம் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. இழுக்கக்கூடாது. நம் உடம்பைப் பின்னால் சாய்த்தால் அவர்கள் தானாக நம் பக்கம் உருண்டு வருவார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. சிஸ்டர் காட்டி முடித்ததும் மீன்கார அக்கா எழுந்து கட்டிலருகே போனாள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழெட்டு தடவை. "தோ, இந்தாண்ட வா. அவ்ளோதான். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அந்தப் பொம்மையிடம் பேசிக்கொண்டே திருப்பினாள். முதலில் சிரித்த பெண்கள் பிறகு கட்டிலைச் சுற்றி வந்து நின்று பார்த்தார்கள்.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே படியேறி வந்தாள். "டீச்சர், திருப்பிட்டேன். கத்தவே இல்ல. என்னயே பாத்துக்கினு இருந்தாரு." அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் இடுப்புப் புண் காய ஆரம்பித்துவிட்டது. "இவளுக்கு இருக்கிற கை இந்த பேட்ச்ல யாருக்கும் இல்ல" என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார்.

அதன்பின் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

போன் செய்தேன். "கத்துக்க வந்தத கத்துக்கினேன் டீச்சர். போதும்" என்றாள். அது நியாயமான பதில். ஆனால் அப்போது அந்த பேட்சில் ஏற்கெனவே பாதிப் பேர் நின்றுவிட்டிருந்தார்கள். இன்னும் குறைந்தால் பேட்சையே மூடிவிடுவார்கள் என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பேட்ச் மூடினால் என் வேலை என்னவாகும் என்பதையும் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னார். அவளுடைய நன்மைக்காகத்தான் அவள் வீட்டுக்குப் போனேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பொய் எவ்வளவு என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. உள்ளே நுழைந்தவுடனே கட்டில். அவர் வாசலைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். சுத்தமான பனியன், முகத்தில் பவுடர். முதுகுக்கும் முழங்காலுக்கும் சிஸ்டர் சொன்ன மாதிரியே தலையணைகள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த அத்தனையையும் பேசினேன். கையில் திறமை இருக்கிறது, சான்றிதழ் வந்தால் மரியாதை இருக்கிறது, மழையிலும் வெயிலிலும் சாலையோரம் உட்கார வேண்டாம்.

"உங்க கால்ல நீங்க நிக்கலாம் அக்கா."

"இப்ப எவன் கால்ல நிக்கிறேன்?" என்றாள்.

அந்த நேரத்தில் கட்டிலில் இருந்தவர் தன் இடது கையைத் தூக்கி வாசல் பக்கமாக இரண்டு தடவை அசைத்தார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பாரு, 'போ'ன்றாரு. இவரும் உங்க கட்சி" என்றாள். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வந்தாள்.

அந்தக் கையசைப்பை என் வகுப்புகளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பேச முடியாத கணவர் மனைவியைப் 'போ, படி' என்று அனுப்பினார் என்று. கேட்கிற பெண்களுக்குக் கண் கலங்கும். அவர் ஈயை விரட்டினாரா, என்னைப் போகச் சொன்னாரா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினம் காலை அவளுக்குப் போன் செய்வேன். கிளம்பிட்டீங்களா என்று கேட்பேன். அவளும் தினம் ஒரு காரணம் சொல்வாள். முட்டி வலி, தண்ணி லாரி வந்திருக்கிறது, நாத்தனாருக்கு எங்கேயோ போகணுமாம், அவருக்குச் சளி, மூச்சு ஒரு மாதிரியா விடுகிறார். நான் விடாமல் பேசுவேன். பேசப் பேச வந்துவிடுவாள். வந்தபின் கேட்டால் வீட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அவள் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். செய்முறைத் தேர்வோடு ஒரு எழுத்துத் தேர்வும் உண்டு, சரியான விடைக்கு டிக் போடுகிற தேர்வு. அதுதான் அவளுக்குப் பயம். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்து கேள்விகளைப் படிக்கப் பழக்கினேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். 'நாடித்துடிப்பு' என்ற சொல்லை முதல்முறை தானாகப் படித்தபோது, "இதான் அதுவா?" என்று தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தேர்வு நெருங்க நெருங்கக் காரணங்கள் அதிகமாயின.

தேர்வு நாள் காலை ஏழரைக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், நான் வர்ல."

"ஏன்க்கா?"

"அவரு சரியில்ல. மூச்சு இஸ்துக்கினு கீது. ராவெல்லாம் தூங்கல."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

"இது அப்டி இல்ல டீச்சர். எனக்கு இன்னாவோ மாதிரி கீது."

"அது பரீட்சை பயம் அக்கா. எல்லாருக்கும் வரும். ரெண்டு மணி நேரம்தான். நாத்தனார் பார்த்துக்கமாட்டாங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு இன்னிக்கு விட்டா மூணு மாசமும் வீண். அவரே போகச் சொன்னாரு இல்ல? அவருக்காக வாங்க."

அந்தப் பக்கம் அவள் நாத்தனாரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "சரி, வரேன்" என்றாள்.

'அவருக்காக வாங்க' என்று நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. சொன்னபோது, நல்ல வார்த்தை சரியான நேரத்தில் வந்துவிட்டது என்று ஒரு திருப்தி இருந்தது. அதுவும் நினைவிருக்கிறது.

வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். எல்லோருடைய போன்களையும் வாங்கிச் சத்தத்தை நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தட்டு என் மேஜையில்தான் இருந்தது. அக்காவின் போன் அடியில் கிடந்தது. எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு செய்முறைக்குப் போனாள். தேர்வாளர் அவளுக்குக் கொடுத்தது அதே பாடம். பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். வழக்கம்போலப் பேசிக்கொண்டே திருப்பினாள். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுதாகப் பார்த்தார். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அவள் சிஸ்டரைக் காட்டினாள், பிறகு கதவோரம் நின்ற என்னையும் காட்டினாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். நாத்தனாரின் அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. திருப்பிக் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள். அவள் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோ பிடித்தோம். சாந்தோம் தாண்டும்போது, "மணி இன்னா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

வாசலில் கூட்டம். நாத்தனார் ஓடிவந்து அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "எத்தினி வாட்டி போன் அடிச்சேன்! உன்னத்தான் தேடிக்கினே இருந்தாரு. வாசலப் பாத்துக்கினேதான் உசுரு போச்சு. ஆம்பளய இப்டி போட்டுட்டு உன்ன பரீட்சைக்கு போவச் சொன்னது யாருடி?"

நான் இரண்டடி தள்ளி, பையோடும் செருப்போடும் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல. நானாதான் போனேன்" என்றாள்.

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. 'நான்தான் சொன்னேன்' என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மாலை போட்டதும் வந்துவிட்டேன். மேலாளரிடம் போய், எல்லோரும் தேர்வு எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ்கள் வந்தன. அவள்தான் அந்த பேட்சில் முதல். கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டில் இருந்த இடத்தில் மீன் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். சான்றிதழை வாங்கி, டிவிக்குப் பின்னால் சொருகிவிட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், போகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். "போலாம்" என்றாள்.

நானே கூட்டிப்போனேன். குளத்தங்கரையை ஒட்டிய தெருவில் பழைய வீடு. எண்பதை நெருங்கும் ஒருவர் கதவைத் திறந்தார். மனைவி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். பெரியவர் சான்றிதழைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார். "நீங்க இதுக்கு முன்னாடி யாரையாவது பார்த்துண்டு இருக்கேளா? உங்காத்துல, தெரிஞ்சவா யாரையாவது?"

"இல்லீங்க. ட்ரெய்னிங் மட்டுந்தான்" என்றாள்.

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவள் என் கையை லேசாகத் தொட்டாள். நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டேன். "மூணு வருஷம் பார்த்தீங்களேக்கா. சொல்லியிருந்தா இன்னும் நம்பிக்கையா எடுத்திருப்பாங்க."

"அவரக் காட்டி வேல கேக்கணுமா?" என்றாள்.

அந்த வேலையில் பத்தொன்பது நாள் இருந்தாள். இருபதாவது நாள் காலை அவளே போன் செய்தாள். அந்தம்மாவுக்கு அன்றைக்குச் சளி கட்டி மூச்சு வாங்கியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இவள் அறையை விட்டு வெளியே ஓடி வந்து தெருவிலேயே நின்றிருக்கிறாள்.

"மூச்சு வாங்கினா எனக்கு ஓடணும்னு வருது டீச்சர். எங்க ஓடறதுன்னு தெரியல. பாவம், அந்தம்மா நல்ல அம்மா. வேற யாரனா அனுப்புங்க."

பழக்கதோஷத்தில் என் வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும், உங்களால் முடியும்.

"சரிக்கா" என்றேன்.

"வெச்சிடவா?"

"சரிக்கா."

அவள் மறுபடி மீன் விற்கப் போய்விட்டாள். நான் ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு உங்களை வரச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "ஆமா. சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் அந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை. 'நீ இன்னா பண்ணுவ டீச்சர், அவரு விதி' என்று அவள் சொல்வாள், நான் அழுவேன், அவள் தேற்றுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி வவ்வால் மீன் என்ன விலை என்று கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் வாங்கி முடிக்கிறவரை நின்றேன். அடுத்து இன்னொருவர் வந்தார். நான் கிளம்பினேன்.

இன்னும் அதே மையத்தில்தான் இருக்கிறேன். கையசைத்தவரின் கதையை வகுப்பில் சொல்வதில்லை. காலையில் யாராவது போனில் இன்றைக்கு வரமுடியாது என்றால், ஏன் என்று கேட்டு, சொல்வதை முழுதாகக் கேட்டு, வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆற்றோரக் குடிசைகளை இடித்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட ஒரு பெண், போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். இருந்து பார்த்துக்கொள் என்றேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டதாம். அதன்பின் அவள் வரவில்லை. நன்றாகத் தைப்பாள். மறுபடி கூப்பிட்டுக் கொஞ்சம் பேசியிருந்தால் வந்திருப்பாள். கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவளுக்கும் நான் தீங்குதான் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை, கிளம்பிவிட்டார்களா என்று கேட்கப் பதினோரு பேருக்குப் போன் செய்தேன். நான்கு பேர் எடுக்கவில்லை.